தெருக்குழாய்க்கும் வீட்டுத் தொட்டிக்கும் நடுவே எதை வைப்பது?

காலையில் தண்ணீர் விடும் நேரத்தில் குழாயைத் திறந்ததும் முதலில் காற்றுதான் சீறும். பிறகு கலங்கலாகக் கொஞ்சம் வரும். அதற்குப் பிறகுதான் நல்ல தண்ணீர். அந்தக் காற்று எப்படி உள்ளே போனது என்று யோசித்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். முதல் நாள் வால்வை மூடியதும் தெருக்குழாய் தாழ்வான பகுதியை நோக்கி வடிந்து காலியாகிறது. காலியாகும் குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்து, அகப்பட்ட வழியிலெல்லாம் வெளியில் இருப்பதை இழுக்கிறது. விரிசலைச் சுற்றிக் காற்று இருந்தால் காற்று வரும், சாக்கடை தேங்கியிருந்தால் சாக்கடை வரும். ஏதோ ஒரு வீட்டுச் சம்ப்பில் (நிலத்தடித் தொட்டியில்) குழாயின் முனை மூழ்கிக் கிடந்தால் அந்தச் சம்ப்புத் தண்ணீர் வரும்.

போக வேண்டிய திசைக்கு எதிராகத் தண்ணீர் ஓடுவதைப் பின்னோட்டம் என்கிறோம். அது நடக்க இரண்டே வழிகள். மேலே சொன்னது பின்னிழுப்பு: தெருப் பக்கம் அழுத்தம் விழுந்து, வீட்டுத் தண்ணீரை உறிஞ்சுவது. மற்றொன்று பின்தள்ளல்: வீட்டுப் பக்கம் மோட்டாரோ மாடித் தொட்டியோ தெருவைவிட அதிக அழுத்தம் கொடுத்து, தண்ணீரைத் தெருவுக்குள் தள்ளுவது. நாலு மாடிக் கட்டிடத்தின் மொட்டைமாடித் தொட்டி தரையில் ஏறக்குறைய 15 மீட்டர் நீர் உயரத்தின் அழுத்தம் தருகிறது, அதாவது சதுர செ.மீ.க்கு ஒன்றரை கிலோ. சென்னையிலோ மதுரையிலோ முறைத்தண்ணீர் (குறித்த நேரம் மட்டும் விடும் தண்ணீர்) வரும் தெருவின் கடைசி வீட்டில் மூன்று, நான்கு மீட்டர் அழுத்தம் கிடைத்தாலே பெரிது. இரண்டையும் கையால் திருகி மூடும் ஒரு கேட் வால்வு மட்டும் பிரித்து நின்றால், அந்த வால்வு கசியும் நாளில் யார் யாருக்குத் தண்ணீர் கொடுப்பார்கள் என்பதில் சந்தேகமே இல்லை.

வீடு கட்டுபவர்கள், குடியிருப்போர் சங்கத்தினர், மருத்துவமனைப் பராமரிப்பாளர்கள், நகராட்சிப் பொறியாளர்கள் எல்லோருக்கும் இதே கேள்விதான்: நடுவே எதை வைப்பது? கடையில் கேட்டால் 'ஒரு என்.ஆர்.வி. போடுங்க சார், போதும்' என்பார்கள், அதாவது தண்ணீரை ஒரே திசையில் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு. வெளிநாட்டுக் கையேட்டைத் திறந்தால் குறைந்த அழுத்த மண்டல வால்வு போடச் சொல்லும். நம் ஊர் நிலைமைக்கு இரண்டும் முதல் பதில் அல்ல.

காற்று இடைவெளி

தெருக்குழாயின் முனைக்கும் தொட்டித் தண்ணீர் எட்டக்கூடிய உச்ச மட்டத்துக்கும் நடுவே வெறும் காற்று. இதில் அசையும் பாகம் கிடையாது. தேய, துருப்பிடிக்க, மண் சிக்க ஒன்றும் இல்லை. ஐரோப்பிய நெறிமுறையான இ.என். 1717 தண்ணீரைத் தொடக்கூடிய திரவங்களை ஆபத்தின்படி ஐந்து வகையாகப் பிரிக்கிறது. மலக்கழிவு ஐந்தாம் வகை. அதற்கு எதிராக இயந்திர வால்வு எதையும் அது நம்புவதில்லை, திறந்த காற்று இடைவெளியைத்தான் கேட்கிறது. எவ்வளவு விலை உயர்ந்த வால்வும் நான்காம் வகையோடு நின்றுவிடும்.

மேலைநாடுகளில் இதற்கு ஒரு குறை சொல்வார்கள்: தெரு அழுத்தம் முழுவதும் வீணாகிறது, மறுபடி மோட்டார் வைத்து ஏற்ற வேண்டும் என்று. அங்கே 24 மணி நேரமும் மாடிவரை ஏறும் அழுத்தம் வருவதால் அது நியாயமான குறை. இங்கே எப்படியும் சம்ப்பில் பிடித்து மோட்டாரில்தான் ஏற்றுகிறோம். இழக்க அழுத்தமே இல்லாத இடத்தில் காற்று இடைவெளிக்குச் செலவும் இல்லை. ஆகவே தனி வீடோ அடுக்ககமோ, சம்ப் உள்ள எந்தக் கட்டிடத்துக்கும் முதல் தேர்வு இதுதான்.

அளவு எளிது. குழாயின் உள்விட்டத்தைப் போல இரண்டு மடங்கு, எப்படியும் 25 மி.மீ.க்குக் குறையக் கூடாது. 20 மி.மீ. குழாய்க்கு 40, 25 மி.மீ. குழாய்க்கு 50. குழாய் சுவரை ஒட்டி இறங்கினால் மூன்று மடங்கு, ஏனென்றால் பக்கச் சுவர் காற்று வரும் வழியைக் குறுக்குகிறது. சம்ப்பில் இந்தக் கணக்கோடு நிற்காமல் 150 மி.மீ. விடுவது நல்லது. இடம் இருக்கிறது, செலவு இல்லை.

தவறு நடப்பது அளவில் அல்ல, எங்கிருந்து அளப்பது என்பதில். மிதவை வால்வு மூடிக்கொள்ளும் மட்டத்திலிருந்து அளந்தால் தவறு, மிதவை ஒருநாள் மாட்டிக்கொள்ளும். ஓவர்ஃப்ளோ குழாயிலிருந்து அளந்தாலும் தவறு, அதை இலையும் கரப்பானும் அடைத்திருக்கும். தொட்டி நிரம்பி வழிந்தால் எந்த விளிம்பைத் தாண்டி வெளியேறுமோ, அங்கிருந்து அளக்க வேண்டும்.

ஒரு வழக்கமான சம்ப்பின் மூடியைத் திறந்து பாருங்கள். தெருவிலிருந்து வரும் குழாய் கூரைப் பலகைக்கு ஒரு சாண் கீழே சுவரைத் துளைத்து உள்ளே வருகிறது. அதில் ஒரு முழங்கை, அதிலிருந்து இரண்டடி பி.வி.சி. துண்டு கீழ்நோக்கி. தண்ணீர் விழும் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்றோ மிதவை ஆடுகிறது என்றோ பிளம்பர் சேர்த்த துண்டு அது. சம்ப் முக்கால்வாசி நிரம்பியதும் முனை மூழ்கிவிடும். தெருவில் தண்ணீர் நின்றதும் பக்கத்து வீட்டுக்காரர் தெருக்குழாயில் நேரடியாக மாட்டிய மோட்டாரைப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண அரைக்குதிரை மோட்டார்கூட ஐந்தாறு மீட்டர் ஆழத்திலிருந்து உறிஞ்சும். உங்கள் சம்ப்பின் நீர்மட்டம் தெருக்குழாயைவிட ஒரு மீட்டர்தான் கீழே. உங்கள் தண்ணீர், அதில் கலந்த போர் (ஆழ்துளைக் கிணற்று) தண்ணீர், நேற்று லாரிக் குழாயோடு வந்த அழுக்கு எல்லாமே அவர் வீட்டுக்கும், வழியிலுள்ள மற்றக் குழாய்களுக்கும் போகிறது. அந்த இரண்டடித் துண்டை அறுத்து எடுப்பதுதான் இந்தக் கட்டுரையிலேயே மிக மலிவான, மிகப் பயனுள்ள வேலை.

புதிதாகக் கட்டுபவர்கள் சம்ப்பின் வாய்க்கழுத்தைத் தரையிலிருந்து 300 மி.மீ. உயர்த்திக் கட்டட்டும். தெருக்குழாயைச் சுவருக்குள் கொண்டுவராமல் வெளியே மேலேற்றி, தொட்டியின் கூரைப் பலகை வழியாகவோ கழுத்தின் அருகில் ஒரு சிறு பெட்டி கட்டியோ, விளிம்புக்கு மேலிருந்து விழ வையுங்கள். கழுத்து உயரமாக இருந்தால் மழைவெள்ளமும் உள்ளே இறங்காது. இடைவெளி விட்ட இடத்தில் கொசுவலை கட்டாயம். தெளிந்த தேங்கு நீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடும்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. காற்று இடைவெளி உங்கள் வீட்டிலிருந்து ஊரைக் காக்கிறது, ஊரிலிருந்து உங்களைக் காக்காது. தெருக்குழாயிலேயே சாக்கடை கலந்துவிட்டால் அது இடைவெளியைத் தாண்டி அழகாகச் சம்ப்பில் விழும். ஆனால் தெருவில் எல்லா வீடும் இடைவெளி விட்டு, யாரும் நேரடி மோட்டார் போடாவிட்டால், தெருக்குழாய்க்குள் சாக்கடை போகும் வழி பெரிதும் அடைபடும். இது கூட்டாகச் செய்தால்தான் பலிக்கும்.

நான்-ரிட்டர்ன் வால்வு

பித்தளை உடல், உள்ளே தொங்கும் கதவு. விலை சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துச் சொச்சம். தண்ணீர் முன்னே போனால் கதவு திறக்கும், பின்னே வந்தால் சாத்திக்கொள்ளும். அழுத்த இழப்பு சில அங்குலம்தான். அதனால்தான் எல்லோரும் இதைச் சொல்கிறார்கள்.

கதவு வகை வால்வு இறுக மூட, பின்பக்கம் நல்ல அழுத்தம் வேண்டும். மாடித் தொட்டி 15 மீட்டர் தள்ளினால் கதவு கச்சிதமாக உட்காரும். அதனால் மோட்டாரிலிருந்து மாடிக்கு ஏறும் குழாயில் இது நன்றாக வேலை செய்கிறது. சம்ப் போன்ற தாழ்ந்த தொட்டி ஓர் அடி அழுத்தம்தான் தரும், அப்போது கதவு தளர்வாகச் சாய்ந்து ஓரத்தில் ஊறிக்கொண்டே இருக்கும். நாம் அஞ்சும் பின்னிழுப்பு பெரும்பாலும் இப்படி மெல்ல, பல மணி நேரம் நடப்பது.

முறைத்தண்ணீர்க் குழாயில் தினமும் முதல் வரத்தோடு மணலும் துருச்செதிலும் வரும். கதவுக்கும் இருக்கைக்கும் நடுவே ஒரு மணற்பரல் போதும். வால்வை மாட்டும்போதே டெஃப்லான் டேப்பின் நுனி உள்ளே தொங்கிக் கதவில் மாட்டுவதும் அடிக்கடி நடக்கிறது. கிணறும் போரும் உப்புத்தண்ணீராக இருக்கும் பகுதிகளில் சுண்ணாம்புப் படிவு கதவின் கீலைப் பிடித்து, பாதி திறந்தபடியே நிறுத்திவிடும். இன்னொன்று: கதவு வகையைப் படுக்கையாக மாட்டலாம், தண்ணீர் மேல்நோக்கிப் போகும் செங்குத்துக் குழாயிலும் மாட்டலாம். கீழ்நோக்கிப் போகும் குழாயில் மாட்டினால் கதவு தன் எடையிலேயே திறந்து தொங்கும், என்றைக்கும் மூடாது.

ஆகவே இதைத் தனியாக நம்ப வேண்டாம். காற்று இடைவெளிக்குத் துணையாகப் போடலாம். போட்டால் சோதிக்கும்படி போடுங்கள்: தெருப் பக்கம் ஒரு கேட் வால்வு, அடுத்து 15 மி.மீ. டீயில் (மூன்று வாய் இணைப்பில்) ஒரு சின்னச் சோதனைக் குழாய், அடுத்து நான்-ரிட்டர்ன் வால்வு, அதற்கடுத்து மறுபடி ஒரு டீ. இருபுறமும் யூனியன் (திருகிப் பிரிக்கும் இணைப்பு) இருந்தால்தான் கழற்றிக் கழுவ முடியும்.

சோதனை இப்படி. வீட்டுப் பக்கத்துக் குழாயை அடைத்து, அந்தப் பக்கத்து டீயில் ஒரு மீட்டர் நீளமுள்ள ஒளிபுகும் டியூபைச் செங்குத்தாக மாட்டித் தண்ணீர் நிரப்புங்கள். தெருப் பக்கத்துக் கேட் வால்வை மூடி, நடுவிலுள்ள சோதனைக் குழாயைத் திறந்து வையுங்கள். டியூபில் நீர்மட்டம் ஐந்து நிமிடம் அசையாமல் நின்றால் வால்வு பிடிக்கிறது. மட்டம் இறங்கி, சோதனைக் குழாயில் சொட்டினால் கசிகிறது. பிறகு டியூபில் ஓர் அடி மட்டும் வைத்து மறுபடி பாருங்கள். ஒரு மீட்டரில் தேறிய வால்வு ஓர் அடியில் தோற்பதைக் கண்ணால் காணலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்யாத நான்-ரிட்டர்ன் வால்வு வெறும் பித்தளைத் துண்டு.

ஸ்பிரிங் வைத்த இரட்டைத் தடுப்பு

இரண்டு தடுப்புகள் அடுத்தடுத்து, ஒவ்வொன்றையும் ஸ்பிரிங் மூடிப் பிடித்திருக்கும். பின்னழுத்தம் இல்லாமலே மூடும் என்பது கதவு வகையைவிட நல்ல குணம். ஒன்றில் மணல் சிக்கினாலும் மற்றொன்று இருக்கிறது. அமெரிக்க வழக்கில் சோதனைக் குழாய்களோடு வரும் முழு அமைப்பில் ஒவ்வொரு தடுப்பும் குறைந்தது ஒரு பி.எஸ்.ஐ., அதாவது 70 செ.மீ. நீர் உயரம் தாங்க வேண்டும்.

விலை இங்கே அழுத்தத்தில் கொடுக்கிறோம். இரண்டு ஸ்பிரிங்குகளையும் திறந்து ஓடுவதற்கு, ஓட்டத்தைப் பொறுத்து ஒன்றரை முதல் மூன்று மீட்டர் வரை போகும். கடைக்கோடி வீட்டில் வருவதே மூன்று மீட்டர் என்றால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். கோபத்தில் வீட்டுக்காரர் ஸ்பிரிங்கைக் கழற்றி எறிந்துவிடுவார். 24 மணி நேரத் தண்ணீர் வரும் பகுதியில், மீட்டரை ஒட்டி வைக்க இது மிகப் பொருத்தம். கோயம்புத்தூரில் நடப்பதுபோல 24 மணி நேர வழங்கலுக்கு மாறும் ஊர்கள் மீட்டர் பொருத்தும்போதே இதையும் சேர்த்துவிட வேண்டும். பிறகு ஒவ்வொரு வீட்டையும் தோண்டப் போக முடியாது.

கழிவுநீர், பூச்சிமருந்து, ரசாயனம் தொடும் இணைப்புக்கு இது போதாது. இரண்டு தடுப்பும் கசிந்தால் வெளியே எந்த அடையாளமும் தெரியாது என்பதுதான் காரணம்.

குறைந்த அழுத்த மண்டல வால்வு

அந்தக் குறையைத் தீர்க்கப் பிறந்தது இது. இரண்டு ஸ்பிரிங் தடுப்புகளுக்கு நடுவே ஓர் அறை, அந்த அறையின் அடியில் வெளியேற்று வால்வு. அறையின் அழுத்தம் எப்போதும் தெரு அழுத்தத்தைவிடக் குறைவாகவே இருக்கும். அந்த வித்தியாசம் இரண்டு பி.எஸ்.ஐ.க்குக் கீழே சுருங்கப்போனால் அடிவால்வு திறந்து தண்ணீரைத் தரையில் கொட்டும். தடுப்பு கெட்டால் கண்ணுக்குத் தெரியும், அழுக்கு தெருவுக்குப் போகாமல் தரைக்குப் போகும். அருமையான வடிவமைப்பு.

ஆனால் முறைத்தண்ணீர் வரும் வீட்டு இணைப்பில் இதை வைப்பது தவறு. காரணங்கள் மூன்றும் கனமானவை. ஒன்று, அழுத்த இழப்பு: எட்டு முதல் பதினைந்து பி.எஸ்.ஐ., ஏறக்குறைய ஆறு முதல் பத்து மீட்டர். நம் தெருவில் அவ்வளவு அழுத்தமே கிடையாது. இரண்டு, தெருவில் தண்ணீர் நிற்கும் ஒவ்வொரு நாளும் வெளியேற்று வால்வு தன் வேலையாக அறையைக் காலி செய்யும். இரண்டாம் தடுப்பில் மணல் சிக்கிய நாளில் வீட்டுப் பக்கத் தண்ணீரும் சேர்ந்து கொட்டும். மூன்று, பயிற்சி பெற்றவர் அழுத்த வித்தியாச மானியோடு ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும்.

குழிக்குள் வைப்பது இன்னும் மோசம். மழையில் குழி நிறைந்து வெளியேற்று வாய் மூழ்கினால், காக்க வைத்த கருவியே அழுக்கை உறிஞ்சும் வாயாகிவிடும். தரையிலிருந்து 300 மி.மீ. உயரத்தில், கீழே தாராளமான வடிகாலோடு இருக்க வேண்டும்.

இதன் இடம் கட்டிடத்துக்குள், பிரஷர் பம்புக்குப் பிறகு: மருத்துவமனையின் ஆய்வகக் கிளை, கொதிகலன் ஊட்டுக்குழாய், ரசாயனம் கலக்கும் பகுதி, சாயப்பட்டறையின் தண்ணீர்க் கிளை. அங்கே அழுத்தம் இருக்கிறது, பராமரிக்க ஆளும் இருப்பார். டயாலிசிஸ் பிரிவுக்கும் கூலிங் டவருக்கும் அதைவிடத் தனி இடைத்தொட்டியும் காற்று இடைவெளியும் சிறந்தவை. பல்லாயிரம் ரூபாய் வால்வுக்குப் பதில் 500 லிட்டர் தொட்டி ஒன்று போதும்.

மொட்டைமாடியின் ஏர் பைப்

வீட்டுக்குள்ளேயே நடக்கும் பின்னோட்டத்தைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. மாடித் தொட்டியிலிருந்து ஒரே குழாய் இறங்குகிறது. முதல் மாடிக் கழிப்பறை ஹெல்த் ஃபாசெட்டும் (கையில் பிடித்துப் பீச்சும் குழாய்) அதிலிருந்துதான், தரைத்தளச் சமையலறைக் குழாயும் அதிலிருந்துதான். தொட்டியைக் கழுவ மேலே கேட் வால்வை மூடுகிறார்கள். கீழே சமையலறையில் குழாயைத் திறந்ததும் குழாயில் நிற்கும் தண்ணீர் கீழே விழுந்து, மேலே வெற்றிடம் உண்டாகிறது. அந்த நேரம் மேல்மாடி ஹெல்த் ஃபாசெட் விசை அழுந்தியபடி வாளியில் மூழ்கிக் கிடந்தால், வாளித் தண்ணீர் சமையலறைக் குழாயில் வரும்.

இதற்கு நம் ஊர்ப் பழைய பிளம்பர்கள் செய்துவந்த தீர்வு இன்றைக்கும் நிகரற்றது. தொட்டியிலிருந்து வெளிவரும் குழாயில், கேட் வால்வுக்குப் பிறகு ஒரு டீ போட்டு, 20 மி.மீ. குழாயை மேலே ஏற்றி, தொட்டியின் உச்ச நீர்மட்டத்தைவிட 300 மி.மீ. உயரத்தில் வளைத்துத் திறந்து விடுவார்கள். வால்வை மூடியதும் அந்த வழியே காற்று இறங்கி வெற்றிடத்தை உடைக்கும். குழாயில் காற்றடைத்துத் தண்ணீர் விட்டுவிட்டு வருவதையும் இதுவே தீர்க்கும். வளைவின் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும், வலை கட்டுங்கள். வால்வுக்கு முன்னால் டீயை வைத்தால் பயனில்லை: வால்வு மூடியதும் காற்று வரும் வழி துண்டிக்கப்பட்டுவிடும்.

மொட்டைமாடியில் பிரஷர் பம்பு வைத்த வீட்டில் ஏர் பைப் ஊற்றாகப் பீச்சும். அங்கே குழாய் முனையில் திருகும் சிறு வெற்றிட முறிப்பானை வையுங்கள். தோட்டக் குழாய்க்கும் அதே. அந்த வகை வால்வுக்குப் பிறகு மூடும் குழாய் எதுவும் வரக்கூடாது, தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் அழுத்தத்தில் நிற்கவும் கூடாது. இல்லையென்றால் உள்ளே இருக்கும் தட்டு ஒட்டிக்கொண்டு, தேவைப்படும்போது விழாது.

தோட்டத்தை அற்பமாக நினைக்க வேண்டாம். 1969இல் அமெரிக்காவின் ஊஸ்டர் நகரில் ஹோலி கிராஸ் கல்லூரிக் கால்பந்து அணி ஏறக்குறைய முழுவதும் மஞ்சள் காமாலையில் படுத்தது, அந்தப் பருவத்தின் மீதி ஆட்டங்களே ரத்தாயின. அருகே ஒரு தீ விபத்துக்குத் தீயணைப்பு வண்டிகள் தண்ணீர் இழுத்ததில் குழாய் அழுத்தம் விழுந்து, மைதானத்துப் புல்லுக்கு நீர் தெளிக்கும் குழிகளில் தேங்கிய அசுத்த நீர் குடிநீர்க் குழாய்க்குள் போயிருக்கிறது. அங்கே கிருமி வந்தது தெளிப்பான் குழியிலிருந்து. இங்கே தண்ணீர் ஏறவில்லை என்று தெரு மட்டத்துக்குக் கீழே பள்ளம் தோண்டிக் குழாய் வைத்துப் பிடிக்கிறார்களே, அந்தப் பள்ளமும் அதே வகைதான். மழை பெய்து பள்ளம் நிறைந்து, குழாய் மூழ்கி, தெருக்குழாய் காலியாக இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அந்தத் தண்ணீர் உள்ளே போகும். பள்ளக் குழாய்க்கு எந்த வால்வும் தீர்வாகாது, மேலே எடுக்கத்தான் வேண்டும்.

போர், லாரி, தெருத் தண்ணீர்: மூன்றையும் ஒரே குழாயில் சேர்க்கலாமா

கூடாது. அடுக்ககங்களில் போர் தண்ணீரையும் தெருத் தண்ணீரையும் ஒரு டீயில் சேர்த்து, இரண்டு பக்கமும் ஒவ்வொரு கேட் வால்வு வைத்திருப்பார்கள். வாட்ச்மேன் ஒன்றை மூடி மற்றொன்றைத் திறக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஒருநாள் இரண்டும் திறந்திருக்கும். மூடியிருந்தாலும் பழைய கேட் வால்வு முழுதாக மூடாது. போர் மோட்டாரின் அழுத்தம் தெருவைவிடப் பல மடங்கு.

ஃபின்லாந்தின் நோக்கியா நகரில் 2007 நவம்பர் இறுதியில் நடந்தது இதுவேதான். கழிவுநீர் நிலையத்தில் சுத்திகரித்து வெளிவிடும் நீரின் குழாயையும் குடிநீர்க் குழாயையும் ஓர் இணைப்பு சேர்த்திருந்தது, நடுவே ஒரு வால்வு. பராமரிப்பின்போது திறந்த வால்வு மூடப்படாமல் போனது. சுமார் 4.5 லட்சம் லிட்டர் கழிவுநீர் குடிநீரில் கலந்தது. ஆயிரக்கணக்கானோர் வயிற்றுப்போக்கிலும் வாந்தியிலும் விழுந்தார்கள். அவ்வளவு ஒழுங்கான நாட்டிலேயே ஒரு வால்வும் மனித ஞாபகமும் போதவில்லை.

நல்ல ஏற்பாடு: ஒவ்வொரு தண்ணீரும் தனித்தனிக் குழாயில் வந்து, தனித்தனிக் காற்று இடைவெளியோடு சம்ப்பில் விழட்டும். குடிக்கும் தண்ணீருக்குத் தனிச் சம்ப் இருந்தால் இன்னும் நல்லது. சேர்த்தே ஆக வேண்டிய இடத்தில் கழற்று முழங்கை வையுங்கள். யூனியனோடு கூடிய ஒரே ஒரு முழங்கைத் துண்டு, போர்ப் பக்கம் மாட்டினால் தெருப் பக்கம் திறந்த வாயாக நிற்கும். ஒரே துண்டு என்பதால் இரண்டும் ஒருசேர இணைய வழியே இல்லை. இரண்டாவது துண்டை யாரும் வாங்கி மாட்டாதபடி சங்கம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

'அழுத்தம் நன்றாக இருக்கும் நாளில் நேரே மாடிக்குப் போகட்டும்' என்று தெருக்குழாயை மோட்டாரின் ஏற்றுக்குழாயோடு இணைக்கும் பைபாஸையும் வெட்டி எடுத்து, இரண்டு முனையையும் மூடி ஒட்டிவிடுங்கள். மிச்சமாகும் மின்சாரம் சில ரூபாய், தெருவுக்கே ஏற்படும் ஆபத்து அதைவிடப் பெரிது. லாரித் தண்ணீருக்கு மூடியுள்ள நிலையான குழாய் ஒன்றை வெளியே வைத்தால், ரோட்டில் புரண்ட ஹோஸைச் சம்ப்புக்குள் விட வேண்டியதில்லை.

குளோரின் எங்கே நிற்கிறது

குளோரினை மேலே சொன்னவற்றுக்கு மாற்றாக எண்ணக் கூடாது, அது எச்சரிக்கை மணி. கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மி.கி. மீதிக் குளோரின் இருக்க வேண்டும். குளோரின் அளக்கும் குளோரோஸ்கோப்பில் ஓ.டி. (ஆர்த்தோடொலிடின்) திரவம் விட்டதும் மஞ்சள் வர வேண்டும். பக்கத்து வீட்டில் மஞ்சள் வந்து உங்கள் வீட்டில் நிறமே வராவிட்டால், இடையில் ஏதோ கலந்து குளோரினைத் தின்றுவிட்டது. முதலில் பார்க்க வேண்டியது உங்கள் வீட்டு இணைப்புக் குழாயை, குறிப்பாகச் சாக்கடைக் கால்வாயைக் கடக்கும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) துண்டை. அது துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால், எந்தத் தடுப்பு வால்வுக்கும் முன்னாலேயே சாக்கடை உள்ளே வந்துகொண்டிருக்கும். மாற்றும்போது இடையில் இணைப்பே இல்லாத ஒரே நீளப் பாலிஎதிலீன் குழாயை, பெரிய குழாய் உறைக்குள் விட்டு, சாக்கடைக்கு மேலாகக் கொண்டுபோங்கள். பிரதானக் குழாய்கள் சாக்கடையைக் கடக்குமிடத்தில் அரை மீட்டர் மேலே இருக்க வேண்டும் என்பது விதி.

சம்ப்பில் அன்றாடம் போட ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர், 25 சதவீதம் குளோரின் உள்ளது என்ற கணக்கில். வாளியில் கரைத்து, தெளிந்த மேல்நீரை மட்டும் ஊற்றி, அரைமணி நேரம் பொறுக்க வேண்டும். சாக்கடை கலந்தது உறுதியானால் சம்ப்பைக் காலி செய்து தேய்த்துக் கழுவி, நிரப்பி, ஆயிரம் லிட்டருக்கு 200 கிராம் போட்டு, அந்தத் தண்ணீரை வீட்டின் ஒவ்வொரு குழாய்க்கும் வரவிட்டு ஓர் இரவு நிறுத்தி, பிறகு முழுவதும் வெளியேற்ற வேண்டும். அதற்குள் கலந்த வழியை அடைக்காவிட்டால் அடுத்த முறைத்தண்ணீரில் எல்லாம் வீண்.

யாருக்கு எது

தனி வீட்டுக்குக் காற்று இடைவெளி, மொட்டைமாடி ஏர் பைப், சோதனைக் குழாயோடு ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு. மூன்றும் சேர்ந்து ஒரு பிளம்பரின் ஒருநாள் வேலை.

அடுக்ககத்துக்கு இதோடு, பைபாஸை வெட்டுவதும் போர்க்குழாயைப் பிரிப்பதும் முதலில். எந்த வால்வு வாங்குவது என்ற பேச்சு அதற்குப் பிறகு.

மருத்துவமனை, ஹோட்டல், சலவை நிலையம், பட்டறை: நுழைவில் இடைத்தொட்டி, உள்ளே ஆபத்தான கிளைகளுக்கு மட்டும் குறைந்த அழுத்த மண்டல வால்வு, சோதனைத் தேதி எழுதிய அட்டை அதன் கழுத்திலேயே. 1933இல் சிகாகோவில் உலகக் கண்காட்சிக்கு வந்தவர்கள் தங்கிய இரண்டு ஹோட்டல்களில் குடிநீரும் கழிவுக்குழாயும் கலந்து, அமீபா சீதபேதியில் 98 பேர் இறந்தார்கள். பழைய கட்டிடத்தில் மாடிக்கு மாடி சேர்த்துக்கொண்டே போன குழாய்கள்தான் அங்கே குற்றவாளி. நம் ஊர்ப் பழைய ஹோட்டல்களிலும் குழாய் வரைபடம் யாரிடமும் இருக்காது. ஒரு கிளையை மூடி எந்தெந்தக் குழாய் நிற்கிறது என்று பார்த்துப் பார்த்து வரைபடம் வரைவதுதான் அங்கே முதல் வேலை, இரண்டு நாள் பிடிக்கும்.

நகராட்சிக்கு, வீட்டு இணைப்பு தரும்போதே சம்ப்பின் வாயைத் திறந்து பார்த்து, குழாய் முனைக்கும் விளிம்புக்கும் உள்ள இடைவெளியை அளந்து எழுதுவது எந்த வால்வைக் கட்டாயமாக்குவதையும்விடப் பலன் தரும். நேரடி மோட்டாரைப் பறிமுதல் செய்வதோடு நிறுத்தாமல், அந்த வீட்டில் ஏன் தண்ணீர் ஏறவில்லை என்றும் பாருங்கள். பெரும்பாலும் ஃபெரூல் (தெருக்குழாயிலிருந்து வீட்டு இணைப்பு பிரியும் முனை) அடைத்திருக்கும், இல்லை ஜி.ஐ. குழாய் துருவில் பாதி மூடியிருக்கும். அதைச் சரிசெய்து கொடுத்த வீட்டுக்காரர் மறுபடி மோட்டார் மாட்டத் தேவை இருக்காது.